பார்பா துவாலின் புருஷன்

மெவெல் சாமியார் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வேடிக்கைக் கதைதான் கேப்டன் கூல்வென் கெர்மெலெக்கின் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் அவர் நடமாடிக்கொண்டுதான் இருந்தார். அதை வாழ்ந்தார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1829ஆம் வருஷம், செப்டம்பர் மாதம், எங்கள் பிரெத்தோன் கரையில் லெ கொன்கே துறையில் சாமியாரின் வீடு. கேப்டன் அங்கே வந்தது முனையில் நிற்கும் நெடுங்கற்களை அளக்க. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. வெப்பதேசத்துக் காய்ச்சலில் முகம் மஞ்சளாகிப் போயிருந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பார். ராஜாவின் கடற்படையில் இருந்தவரை போன கரையெல்லாம் நத்தையும் நண்டும் பொறுக்கிப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதி ஒட்டினார். கடலை விட்டபின் கல்லைப் பிடித்துக்கொண்டார். ஆதிகாலத்துச் சமாதிகளைத் திறப்பார். ஒரு கைப்பிடி எலும்பைப் பார்த்து இது ஆண், இது பெண், இவளுக்கு இருபது வயது என்று சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் பொணந்தோண்டிக் கேப்டன். அவர் தலை தெரிந்தால் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அவரோ தொப்பியைக் கழற்றி மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

சூப் குடிக்கும்போது, எதிரே கடலில் தெரியும் வெசான் தீவில் பழைய கற்கள் ஏதாவது உண்டா என்று கேட்டார். சாமியார் இருபது வருஷத்துக்கு முன்பு அந்தத் தீவில் ஆறு வருஷம் பங்குச் சாமியாராக இருந்தவர். கல்லைப் பற்றி எனக்கென்ன தெரியும், ஆனால் அங்கத்துப் பெண்களைப் பற்றி வேண்டுமானால் ஒரு புத்தகமே எழுதலாம் என்றார்.

"அங்க ஆம்பள பொண்ணு கேட்டுப் போக மாட்டான் கேப்டன். பொண்ணுதான் மாப்பிள்ள கேட்டுப் போவா. பையன் அவன் வீட்ல, சுத்திப் பலகை அடைச்ச பெட்டிக்கட்டில்ல படுத்திருப்பான். இவ பெத்தவங்களோட நல்ல துணி உடுத்திக்கிட்டுப் போயி, தட்டுல ஒரு துண்டு பன்னி உப்புக்கண்டத்த நீட்டுவா. ஒரு வார்த்த பேசக்கூடாது. தின்னுட்டான்னா சரின்னு அர்த்தம். திருப்பிக் குடுத்தான்னா, வந்த வழியே போக வேண்டியதுதான். தின்னதுலேர்ந்து அவ அவன் பொண்டாட்டி. கோயில்ல கல்யாணத்த மந்திரிக்கிறது எல்லாம் ஆம்பள கரைக்கு வரும்போது பாத்துக்குவாங்க. கப்பல்காரன் எப்ப வர்றது, எப்ப மந்திரிக்கிறது? நாலு வருஷம், அஞ்சு வருஷம் காத்திருந்தவளுக எல்லாம் உண்டு."

கேப்டனின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"படுத்திருக்கிறவன் தீவுக்காரன் இல்லேன்னா?"

"வெளியூர்க்காரன எவ கேப்பா?"

"கேட்டா?"

"கேட்டா கேட்டதுதான். தின்னா தின்னதுதான்" என்று சாமியார் சிரித்தார். பிறகு எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கேப்டன் எழுந்தார். தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை அது. 1817இல் எர்மீன் என்ற போர்க்கப்பலில் அவர் லெப்டினன்ட். கப்பல் காற்றுக்காக வெசான் தீவின் ஓரம் நங்கூரம் போட்டு நின்றது. மற்ற அதிகாரிகள் சீட்டு ஆடினார்கள். இவர் கடற்பறவையின் முட்டைக்காகப் பாறையில் ஏறினார். முட்டை கிடைத்தது. இறங்கும்போது கால் சறுக்கி, இடது கால் இரண்டாக ஒடிந்தது. அடுப்பெரிக்க மண்ணோடு புல்கட்டி வெட்ட வந்த இரண்டு பெண்கள் அவரை ஒரு கதவுப் பலகையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி பெரினா துவால், விதவை. மற்றவள் அவளுடைய மகள் பார்பா, இருபத்திரண்டு வயது. அவர்கள் வீட்டில் ஆண் கிடையாது. அந்தத் தீவில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். ஆண்கள் எல்லாம் ஒன்று கடல்மேல் இருப்பார்கள், இல்லாவிட்டால் கடலுக்குள் இருப்பார்கள். உழவு, அறுவடை, சுவர் கட்டுவது எல்லாம் பெண்கள்தான். உடைந்த காலை நேராக்கிக் கட்டியதும் பார்பாதான்.

கப்பல் பழுது பார்க்க பிரெஸ்ட் துறைக்குப் போய்விட்டது. இவர் நாற்பது நாள் அந்தப் பெட்டிக்கட்டிலில் கிடந்தார். அவருக்கு நத்தை வேண்டும். பார்பா கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டுவாள். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். மிச்சத்தை அவள் வேகவைத்துவிடுவாள். "தொர பேரு வைக்கிறதுக்குள்ள நாங்க தின்னு முடிச்சிடுவோம்" என்பாள். அவள் சிரித்தால் கட்டில் பலகை அதிரும். முப்பது வயது வரை அவர் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. பத்தாம் நாளே மனசு போய்விட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. நான் பேச வேண்டியவன், பேசுவதற்கு ஒரு தகுதி வேண்டாமா, கையில் ஒரு பதவி உயர்வோடு வந்து முறையாகக் கேட்போம் என்று நினைத்துக்கொண்டார். தாய்ப்பாலோடு எங்கள் பிரெத்தோன் பேச்சைக் குடித்து வளர்ந்தவர்தான். அந்தத் தீவில் ஆண் கேட்பதில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. படித்தவர் அல்லவா, நத்தைக்கு எத்தனை பல் என்று தெரியும்.

கிளம்புவதற்கு முந்திய நாள் காலையில் பார்பா வந்தாள். கறுப்பு உடுப்பு, வெள்ளைத் தலைத்துணி, காலில் செருப்பு. கூட பெரினாவும், ஒரு மாமாவும். மூன்று பேரும் மாதா பண்டிகைக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பார்பா ஒரு தட்டை நீட்டினாள். தட்டில் ஒரு துண்டு உப்புக்கண்டம். நாற்பது நாளாகக் கஞ்சியும் மீனும் தின்ற மனிதர். இரண்டே வாயில் தின்று முடித்தார். விரலை நக்கிக்கொண்டு, இன்னொரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பெரினா தலைத்துணி நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்பா முகம் சிவக்க வெளியே ஓடிவிட்டாள். நாளைக்குப் போகிறேன் என்று வருத்தப்படுகிறார்கள், என்ன நல்ல மனிதர்கள் என்று இவர் நினைத்தார்.

மறுநாள் படகுத்துறையில் பார்பா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "நீங்க வர்றப்ப வாங்க. நெலத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள். நிலத்தை எதற்கு என்னிடம் சொல்கிறாள் என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் துடுப்புப் போட்டுவிட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து அவர் திரும்பி வந்தார். நடுவில் மர்த்தினிக் தீவில் காய்ச்சலில் விழுந்து, எர்மீன் அவரை அங்கே ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. வேறு கப்பலில் பிரெஸ்ட் வந்து சேர்ந்தார். தோளில் புதுப் பட்டை, பையில் பார்பாவுக்கு ஆமையோட்டுச் சீப்பு. வந்த மறுநாளே சந்தையில் சிங்கி இறால் விற்கும் ஒரு வெசான் தீவுக்காரனைப் பார்த்தார். ஆவலை மறைத்துக்கொண்டு, அங்கே பார்பா துவால் என்று ஒரு பெண் இருந்தாளே, சௌக்கியமா என்று கேட்டார்.

"பார்பாவா? அவளுக்குக் கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சே தொர. புருஷன் கப்பல்ல பெரிய உத்தியோகமாம். இன்னும் திரும்பி வரல."

மூன்று வருஷம். நான் முதுகைத் திருப்பியதும் ஒருத்தனைப் பிடித்துக்கொண்டாளா என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. அவன் பெயர் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ரோஷக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நேரே போய்ச் சீப்பைத் தன் அக்காளிடம் கொடுத்துவிட்டார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவர் அலையக்கூட இல்லை, நெய்யே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து உயிருள்ள மனிதர்கள் மேல் அவருக்கு இருந்த ஆசை போயிற்று. கல்லையும் எலும்பையும் தேடிப் போனார். செத்தவர்கள் வைத்த இடத்தில் இருப்பார்கள் என்று நண்பர்களிடம் சொல்வார். அவர்கள் அதை நகைச்சுவை என்று நினைத்தார்கள். 1822இல் எர்மீன் வடகடலில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் மூழ்கியது. பழைய தோழர்களுக்காகப் பூசை வைத்தார், அழுதார். தான் உயிரோடு இருக்கிறோம் என்று அக்காளுக்குத் தெரியும், கடற்படை அலுவலகத்துக்குத் தெரியும். வேறு யாருக்குச் சொல்ல வேண்டும்?

இப்போது சாமியாரின் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. அந்தக் கப்பல் உத்தியோகஸ்தன் யார் என்று தெரிந்தது. ஒன்பது வருஷம் அவர் யாரை வெறுத்தாரோ, அது அவரேதான்.

மறுநாள் காலையில் தீவுக்கு மாவு ஏற்றிப்போகும் சலாவுனின் படகில் ஏறினார். அவருக்கு இரண்டே விஷயம்தான் வேண்டும். அவள் உயிரோடு இருக்க வேண்டும், எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொன்னால் அவள் நம்ப வேண்டும். நம்பினால் அன்றைக்கே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். என்ன வயசாகிவிட்டது, அவளுக்கு முப்பத்து நான்கு. கடல் கொந்தளித்தது. அவர் ஒரு மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சத்தியமாகத் தெரியாது பார்பா. தெரிந்திருந்தால் கப்பலிலிருந்து குதித்து நீந்தியே வந்திருப்பேன்.

சலாவுன் தீவுக்காரன், முப்பது வயது இருக்கும். பேசாமல் இருந்தால் அவனுக்குத் தலைவலி வந்துவிடும். தீவில் யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்டான். பார்பா துவால் என்றார்.

"கெர்மெலெக் வீட்டம்மாவா?"

தன் பெயரை அப்படிக் கேட்டதும் கேப்டன் மாவு மூட்டையை இறுக்கிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

சலாவுனே சொல்லிக்கொண்டு வந்தான். பாவம், நல்ல பெண். புருஷன் எர்மீன் கப்பலோடு மூழ்கிப் போய்விட்டான். சேதி வந்த நாள் இவளுடைய மூத்த மாமா ஜன்னலைத் தட்டி, இன்றைக்கு உன் வீட்டில் இழவு, மகளே என்றாராம். உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிற மாதிரி, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரு சாண் மெழுகுச் சிலுவையை வைத்து, அதைப் பிணமாக நினைத்து ஊரே சுற்றி உட்கார்ந்து செபம் சொன்னது. மறுநாள் சாமியார் வந்து எடுத்துக்கொண்டு போனார். சலாவுனும் ஊர்வலத்தில் போனான். அந்தச் சிலுவை இன்றும் கோயிலில் மற்றதுகளோடு பெட்டியில் இருக்கிறது. அவள் அழுத மாதிரி ஒருத்தி அழுது அவன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலிருந்து ஜாடை காட்டிப் பார்த்தார்கள், எங்கள் பையனுக்குத் தட்டு கொண்டுவரலாமே என்று. இவள் அசையவில்லை.

"நீங்க அவருக்குச் சொந்தமா?" என்று கேட்டான்.

"கூட வேலை பாத்தவன்" என்றார் கேப்டன். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. தன் பிணத்தின் பின்னால் நடந்து போனவனிடம் வேறு என்ன சொல்வது?

பார்பா உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றாள். அந்தத் தீவில் மரமே கிடையாது, ஒருவர் வருவது அரை மைலுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் மூன்று பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு இவர் யாரென்று தெரியவில்லை. முன்பு கறுத்த முடியும் சிவந்த கன்னமுமாக இருந்தவர், இப்போது நரைத்த தாடியோடு எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தார். ஆனால் பார்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால் இழுத்து வருவதைப் பார்த்தாள். தான் கட்டின காலை அவளுக்குத் தெரியாதா?

அவள் கத்தவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள். செத்தவர்கள் வந்து போவது அந்தத் தீவில் பெரிய அதிசயமில்லை, ஆனால் அவர்கள் மத்தியானத்தில் வருவதில்லை. கையை நீட்டி அவர் சட்டையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். துணி, உள்ளே எலும்பு, சூடு. வாயைப் பொத்திக்கொண்டு, ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கக் கட்டியிருந்த கற்சுவருக்குப் பின்னால் போனாள். அவரும் போனார்.

கறுப்பு உடுப்பு. விதவைத் தலைத்துணி. முகம் மெலிந்து, கண்ணோரம் காற்றுக் கோடுகள். அவருக்கு அவள் முன்பைவிட அழகாக இருந்தாள். படகில் வாய்க்குள் சொல்லிப் பார்த்ததைத் தொடங்கினார். "பார்பா, சத்தியமா நான்" என்றார்.

"இருங்க. நான் மொதல்ல" என்றாள் அவள்.

மண்வெட்டியை விடாமல் நின்றுகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். எங்கே இருந்தீர்கள், எப்படிப் பிழைத்தீர்கள் என்று எதையும் கேட்கவில்லை. தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். அவர் கப்பல் ஏறிப் போன மறுநாளே பெரினாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். இன்னொரு துண்டு கேட்டவன் எப்படிப்பட்டவன் என்று யோசித்திருக்கிறாள்.

"அம்மா சொல்லிக்கிட்டே இருந்தா. 'அந்த வெளியூர்க்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுடி. பசிக்குத் தின்னான். நீ பொண்டாட்டி இல்லடி, பைத்தியக்காரி'ன்னு. எம்மேல அவளுக்கு ரொம்பப் பாசம், அதான் சொன்னா. நான் அவளோட ரெண்டு வருஷம் பேசல. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரு வார்த்த கெடயாது. உங்க சிலுவைய மேச மேல வெச்சப்பகூட அவ முழங்கால் போடல. யாரோ ஒருத்தனுக்கு நான் எதுக்குடி செபம் சொல்லணும்னு மூலையில நின்னா. நாலு வருஷம் முந்தி செத்துப்போனா. சாகுறப்பவும் அதத்தான் சொன்னா. நான் அவ கைய விட்டுட்டு வெளிய போயிட்டேன். நான் வெளிய நின்னப்பதான் உயிர் போச்சு."

அவள் மண்வெட்டியை மண்ணில் ஊன்றினாள்.

"இந்த ஊர்ல என்னைய என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? கெர்மெலெக் வீட்டம்மா. கோயில்ல விதவைங்க வரிசையில எனக்கு ஒரு எடம் இருக்கு. எனக்குன்னு இருக்கிறது அவ்வளவுதான். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நெஜத்த சொல்லுங்க. அன்னைக்குத் தின்னீங்களே. தெரிஞ்சுதானே தின்னீங்க?"

அவள் விரல்கள் மண்வெட்டிக் காம்பைப் பிடித்த பிடியில் வெளுத்துப்போயிருந்தன. அவள் பயப்படுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. பாறையிலிருந்து விழுந்து கால் எலும்பு வெளியே தெரியக் கிடந்தவரைப் பார்த்தபோதுகூட அவள் முகத்தில் அந்தப் பயம் இருந்ததில்லை.

தெரியாது என்று சொல்லத்தான் அவர் கடல் தாண்டி வந்தார். அது உண்மையும்கூட. சொன்னால் அவர்மேல் ஒரு பழியும் இல்லை. அவளும் கொஞ்ச நாளில் மன்னித்துவிடுவாள், இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாழலாம். ஆனால் அவள் பன்னிரண்டு வருஷம் யாருக்குப் பெண்டாட்டியாக இருந்தாள்? பசித்த ஒருத்தனுக்கு. ஊரைக் கூட்டி யாருக்கு அழுதாள்? இன்னொரு துண்டு கேட்ட ஒருத்தனுக்கு. அம்மாவின் கையை விட்டுவிட்டு அவள் வெளியே போய் நின்றது எதற்காக? ஒன்றுமில்லாததற்காக. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரும் முகத்தைப் பார்க்கும்போது அதுதான் அவளுக்கு ஞாபகம் வரும். எத்தனையோ சமாதிகளைத் திறந்து உள்ளே இருந்ததை அள்ளி வெளியே போட்டவர் அவர். இந்த ஒன்றைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை.

"தெரிஞ்சுதான்" என்றார்.

பார்பா மூச்சை விட்டாள். தலை நிமிர்ந்தது. "கேட்டியாம்மா?" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். அவள் முகம் முழுக்க ஒரு சிரிப்பு வந்தது. கட்டில் பலகையை அதிரவைத்த அதே சிரிப்பு, சத்தம் மட்டும் இல்லை. அந்தச் சிரிப்புக்காக அவர் இன்னும் நூறு பொய் சொல்லியிருப்பார். பத்து எண்ணும் நேரம் அது இருந்திருக்கும்.

பிறகு இரண்டாவது விஷயம் அவளுக்கு உறைத்தது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரு பொய்யை வாசலில் நிறுத்தினால் அது தன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும்.

"அப்ப ஏன் வரல?"

காய்ச்சல் என்று சொல்லலாம். பன்னிரண்டு வருஷமா காய்ச்சல்? சிறை என்று சொல்லலாம். யாரும் சண்டை போடாத காலத்தில் எந்தச் சிறை? தெரிந்தே தின்றுவிட்டு வராமல் இருந்தவன் என்ன சொல்வானோ அதைத்தான் சொல்ல வேண்டும்.

"தைரியம் வரல" என்றார்.

"என்ன தைரியம்? கடல்ல வர்றதுக்கா?"

"என் வீட்ல... என் உத்தியோகத்துல..." அவரால் முடிக்க முடியவில்லை.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். செருப்பில்லாத கால், விரலிடுக்கெல்லாம் மண். "இத எப்படிக் கூட்டிட்டுப் போயி நிறுத்துறதுன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காலில் விழுந்து முத்தம் கொடுக்க வேண்டும் போல அவருக்கு இருந்தது. அதைச் செய்யக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. நெஞ்சு வெடித்துச் செத்துவிடுவோம் என்று நினைத்தார். அப்படியெல்லாம் வெடித்துவிடுவதில்லை.

"நான் நல்லா அழுதேன் தெரியுமா" என்றாள் பார்பா. குரலில் கோபம்கூட இல்லை. "ஊரே வந்து பாத்துச்சு. தொண்ட கட்டி ஒரு மாசம் பேச்சு வரல. உனக்கா அழுதேன்?"

ஒரு ஆடு வந்து கல்சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிற்று. பார்பா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் கட்டினவன் கப்பலோட போயிட்டான். நல்லவன் அவன். அவனுக்கு நான் சிலுவ வெச்சாச்சு. நீ யாரோ. வந்த படகிலயே போயிடு. யாருகிட்டயும் நீ யாருன்னு சொல்லாத. நீ எனக்குச் செய்யக்கூடியது அது ஒண்ணுதான்."

"சொல்ல மாட்டேன்" என்றார்.

அவள் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து கிழங்கு தோண்ட ஆரம்பித்தாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருத்தி, யாரது பார்பா, ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு என்று கத்திக் கேட்டாள். "அவரோட கப்பல்ல முன்ன வேலை பாத்தவராம். அவரப் பத்திச் சொல்ல வந்தாராம்" என்று பார்பா பதில் கத்தினாள். அந்த மூன்று பெண்களும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கேப்டன் அவர்களைத் தாண்டிப் போகும்போது ஒருத்தி, புண்ணியமாப் போகும் ஐயா, இவ்வளவு தூரம் வந்தீங்களே என்றாள். தலையில் தொப்பி இல்லை என்பது, கழற்றக் கையைத் தூக்கியபின்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மாவு இறக்கி முடித்துச் சலாவுன் காத்திருந்தான். பாய் விரித்துத் தீவு பின்னால் போகும் வரைக்கும் அவனே ஒன்றும் பேசவில்லை. கேப்டன் அழுதுகொண்டிருந்தார். எங்கள் கரையில் படகுக்காரர்களுக்கு அழும் மனிதர்கள் புதிதில்லை, பாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதிக் கடல் தாண்டியபின் சலாவுனுக்குப் பொறுக்கவில்லை.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அவரு எப்படிப்பட்ட ஆளு? நாங்க யாரும் அவர்கூடப் பழகினதில்ல. நாப்பது நாள் கட்டில்ல கெடந்தாரு, போயிட்டாரு. அவளுக்கு ஏத்த ஆள்தானா?"

கேப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ மேல உயிரையே வெச்சிருந்தான்" என்றார். "வேற பொண்ண ஏறெடுத்துப் பாக்கல. கடைசி வரைக்கும்."

இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. நாற்பது நாளில் சொல்லியிருக்கலாம், ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. இப்போது ஒரு மாவுப் படகுக்காரனிடம் சொன்னார்.

சலாவுனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசுக்காரன். "சனிக்கிழமை மறுபடி மாவு கொண்டு போறேன்" என்றான். "நீங்க சொன்னத அப்படியே அவகிட்ட சொல்லிடறேன். கேட்டா அவளுக்கு ஆறுதலா இருக்கும்."

"வேண்டாம்" என்றார் கேப்டன். "சொல்ல வேண்டாம். அவளுக்குச் சொல்ல வேண்டியத நான் சொல்லிட்டேன்."